அ = ஆ: வேலைக்குப் போகிறவர்கள் ப்ரோகிராமிங் கற்பது பற்றிச் சில குறிப்புகள்

கீழே மூன்று வரிகள். கணினி இவற்றை மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக இயக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் அ-வின் மதிப்பு என்ன? ஆ-வின் மதிப்பு என்ன?

அ = 10
ஆ = 20
அ = ஆ

(பைதான் 3-ல் இதை அப்படியே தட்டி ஓட்டலாம். தமிழ் எழுத்தை வேரியபிள் பெயராக அது தாராளமாக ஏற்றுக்கொள்ளும்.)

ப்ரோகிராமிங் தெரிந்தவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. இரண்டும் 20. தெரியாத நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், நாலு விதமாக வரும். "அ 20, ஆ 10, ரெண்டும் இடம் மாறிக்கும்" என்பார் ஒருவர். "ஆ-வுல இருந்தது அ-வுக்குப் போயிடுச்சு, அப்ப ஆ காலி" என்பார் இன்னொருவர். ஒருவர் கூட்டி 30 என்பார். கணக்கு நன்றாகப் படித்தவர் கோபப்படுவார்: "10 எப்படிங்க 20-க்குச் சமமாகும்? கேள்வியே தப்பு." இந்த விடைகள் எதிலும் முட்டாள்தனம் இல்லை. சமக்குறியைப் பற்றி ஏதோ ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டு அதன்படி ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறார்கள். அந்த விதி கணினியின் விதி இல்லை, அவ்வளவுதான்.

இந்த மூன்று வரிக்கு ஒரு கதை உண்டு. லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் சயீத் டெஹ்னாடி, ரிச்சர்ட் போர்னட் என்ற இருவர், வகுப்பு தொடங்கும் முன்பே மாணவர்களிடம் இந்த மாதிரிக் கேள்விகளைக் கொடுத்தார்கள். 2006-ல் அவர்கள் சுற்றுக்கு விட்ட வரைவுக் கட்டுரைக்கு ஒட்டகத்துக்கு இரண்டு திமில் என்கிற பொருளில் தலைப்பு. விடை சரியா தவறா என்பதைவிட, எல்லாக் கேள்விக்கும் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறாரா என்பதுதான் முக்கியம் என்றார்கள். அப்படிச் சொல்கிறவர் தேறுவார், கேள்விக்குக் கேள்வி விதியை மாற்றுகிறவர் தேற மாட்டார். ஆக, யாருக்கு ப்ரோகிராமிங் வரும் யாருக்கு வராது என்பதை முதல் நாளே பிரித்துவிடலாம்! இணையத்தில் இந்தக் கட்டுரை காட்டுத்தீயாகப் பரவியது. பரவாமல் இருக்குமா? "சிலருக்கு வரும், சிலருக்கு வராது" என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது கையில் கிடைத்த சான்றிதழ்.

2014-ல் போர்னட் அதைத் திரும்பப் பெற்றார். திறமையை அளக்கும் சோதனை எதையும் தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதியே வெளியிட்டார். அது அவ்வளவாகப் பரவவில்லை. 2016-ல் எலிசபெத் பட்சிட்சாஸ் குழுவினர் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் 778 கணினி வகுப்புகளின் இறுதி மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட திமில் இருப்பதாகச் சொல்லத்தக்கவை 5.8 விழுக்காடுதான். அதே ஆய்வின் இன்னொரு பகுதி எனக்கு அதைவிடச் சுவாரசியம். திறமை பிறவியிலேயே வருவது என்று நம்பும் ஆசிரியர்களுக்கு, தெளிவில்லாத வரைபடங்களிலும் இரண்டு திமில் அதிகமாகத் தெரிந்தது.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகம் முழுக்க முதல் ப்ரோகிராமிங் பாடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தேறுவதில்லை என்று பென்னட்சன், காஸ்பர்சன் இருவரும் 2007-ல் கணக்குச் சொன்னார்கள். பிந்தைய கணக்குகளும் அதற்குப் பக்கத்தில்தான் வருகின்றன. அதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வீடியோ பார்த்துக் கற்கும் 40 வயதுக்காரர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவர் பரீட்சையில் தோற்பதில்லை. ஒருநாள் அந்த டேபை மூடிவிடுகிறார், "நமக்கு அந்த மூளை இல்ல" என்ற முடிவோடு. அந்த முடிவுக்கு ஆதாரம் இல்லை என்பதும், அவர் கற்ற முறையில்தான் கோளாறு என்பதும்தான் இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது.

*

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், வயது 44, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். எக்ஸெலில் அவரை அடிக்க ஆளில்லை. மூன்று தடவை பைதான் கோர்ஸ் ஆரம்பித்து மூன்று தடவையும் பாதியில் விட்டவர். அவரிடம் மேலே உள்ள மூன்று வரியைக் காட்டினேன்.

"ரெண்டும் 20 தம்பி. இது தெரியாதா?"

"சரிண்ணே. நாலாவதா ஒரு வரி சேர்க்கிறேன். ஆ = 50. இப்ப அ எவ்வளவு?"

"50. அதான் அ-வை ஆ-வோட கோத்து விட்டாச்சே!"

பைதானில் அ இன்னும் 20தான். மூன்றாவது வரி ஓடிய அந்த நொடியில் ஆ-வில் என்ன இருந்ததோ அதை அ எடுத்துக்கொண்டது, அதோடு தொடர்பு முடிந்தது. ஆனால் அண்ணன் சொன்னது எக்ஸெலில் நூற்றுக்கு நூறு சரி. ஒரு செல்லில் சமக்குறி போட்டு இன்னொரு செல்லைக் காட்டிவிட்டால், அது மாறும்போதெல்லாம் இதுவும் மாறும். பதினைந்து வருடமாக அந்த உலகத்தில் வாழ்ந்தவர் வேறு எப்படி யோசிப்பார்? மூன்று கோர்ஸிலும் ஒருவர்கூட இந்த நாலாவது வரியை அவரிடம் கேட்கவில்லை. லூப் வந்ததும் எல்லாம் குழம்பியிருக்கிறது. அவர் குழம்பியது லூப்பில் இல்லை, அதற்கு நாலு பாடம் முன்னால்.

பெரியவர்கள் கற்பதற்கும் சிறுவர்கள் கற்பதற்கும் உள்ள வித்தியாசமாக நான் பார்ப்பது இதைத்தான். நினைவும் வேகமும் வயதோடு மெல்லக் குறைவது உண்மை. ஆனால் 40 வயதில் பெரிய தடை அதுவல்ல. அவர்கள் வெற்றுப் பலகையாக வருவதில்லை. வேறு ஒரு இயந்திரத்தை முழுசாகத் தெரிந்துகொண்டு வருகிறார்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த பெனடிக்ட் டு பூலே இதற்கு ஒரு பெயர் வைத்தார். 1986-ல் அவர் எழுதிய கட்டுரை, ப்ரோகிராமிங் கற்பதில் உள்ள சிரமங்களைப் பற்றியது. கற்கிறவர் மனதில் ஓடும் ஒரு கற்பனை இயந்திரம் உண்டு. நான் இந்த வரியை எழுதினால் கணினி இதைச் செய்யும் என்று அவர் நினைக்கும் இயந்திரம் அது. சிப், மின்சாரமெல்லாம் அதில் தேவையில்லை. அந்த மொழியின் நடத்தையைச் சரியாகக் கணிக்க உதவினால் போதும். மொழியின் எழுத்திலக்கணத்தை எல்லாரும் சொல்லித்தருகிறார்கள், இந்த மன இயந்திரத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. அதே 1986-ல் ராய் பீ என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கவனித்தார். எந்த மொழியில் கற்றாலும் தொடக்கக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: கணினிக்குள் ஒரு புத்திசாலி உட்கார்ந்திருக்கிறான், நாம் சொல்ல வந்ததை அவன் புரிந்துகொள்வான். பக்கத்து சீட் ஆளிடம் "அந்த லிஸ்ட்ல மீதி இருக்கிறவங்களுக்கும் இதே மாதிரி பண்ணிடுங்க" என்று சொல்லியே வேலை வாங்கிப் பழகியவர்களுக்கு இந்த நம்பிக்கை இன்னும் ஆழம். சக மனிதரிடம் பேசுவதில் அது ஒரு நற்பண்பும்கூட.

ஒரு சின்ன இடைச்செருகல். அண்ணனின் "கோத்து விட்டாச்சு" முழுக்கத் தப்பும் இல்லை. பைதானில் எண்ணுக்குப் பதிலாக ஒரு லிஸ்ட்டை வைத்து அ = ஆ என்று எழுதிவிட்டு, ஆ வழியாக அந்த லிஸ்ட்டில் ஒரு புதிய உருப்படியைச் சேர்த்தால், அ-வைக் கேட்டாலும் அது தெரியும். ஏனென்றால் இரண்டும் ஒரே லிஸ்ட்டுக்கு வைத்த இரண்டு பெயர்கள். பல வருட அனுபவம் உள்ளவர்களையே இது இன்னும் கடிக்கும். அந்தப் பாடம் வந்தபோது அவர் "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். விட்டுக்கொடுத்தேன்.

*

சரி, மன இயந்திரம் எப்படி உருவாகும்? "நீங்களே எழுதி எழுதித்தான் வரும், ஒரு ப்ராஜெக்ட் எடுத்துச் செய்யுங்க." எல்லாரும் சொல்லும் அறிவுரை இது. தேர்ந்தவருக்குச் சரி. தொடக்கக்காரருக்கு, அதிலும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும் தொடக்கக்காரருக்கு, இது மோசமான அறிவுரை என்பது என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே சமயத்தில் மனதில் பிடித்துவைக்க முடிகிற புதிய விஷயங்கள் மிகக் குறைவு. 1956-ல் ஜார்ஜ் மில்லர் ஏழு என்று எழுதினார், கூடக் குறைய இரண்டு. 2001-ல் நெல்சன் கோவன் அதைச் சுமார் நாலு என்று குறைத்தார். எண் எதுவானாலும் இடம் சின்னது. ஆனால் "ஒன்று" என்பதன் அளவு ஆளுக்கு ஆள் மாறும். திருநெல்வேலி என்ற சொல் உங்களுக்கு ஒன்று. தமிழ் எழுத்து தெரியாதவருக்கு அது ஆறு வளைந்த படங்கள். சதுரங்கத்தில் தேர்ந்தவர்கள் பலகையைச் சில நொடி பார்த்துவிட்டு அப்படியே அடுக்குவார்கள். காய்களைக் கண்டபடி சிதறிவைத்தால் அந்தத் திறமை பெருமளவு காணாமல் போகும். சேஸும் சைமனும் 1973-ல் இதைக் காட்டினார்கள். 1981-ல் கேத்ரின் மெக்கீதன் குழுவினர் இதையே ப்ரோகிராம்களை வைத்துச் செய்தார்கள். ஒழுங்கான ப்ரோகிராமைத் தேர்ந்தவர்கள் அதிகம் நினைவில் வைத்தார்கள். வரிகளைக் கலைத்துப் போட்டதும் அந்த முன்னிலை போய்விட்டது. தேர்ந்தவரின் மூளை பெரிதல்ல, அவர் சேர்த்துவைத்திருக்கும் துண்டுகள்தான் பெரியவை.

இப்போது ஜான் ஸ்வெல்லர். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 1980-களின் தொடக்கத்தில் மாணவர்களுக்கு ஒரு எண் புதிர் கொடுத்தார்கள். ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்குப் போக வேண்டும். ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கலாம், அல்லது ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழிக்கலாம், இரண்டே வழி. எல்லாப் புதிருக்கும் விடை ஒன்றுதான்: பெருக்கு, கழி, பெருக்கு, கழி என்று மாறி மாறிச் செய்தால் போதும். மாணவர்கள் புதிரை விடுவித்தார்கள். ஆனால் மாறி மாறிச் செய்தால் போதும் என்ற விதியைக் கவனித்தவர்கள் மிகச் சிலர்!

எனக்கு இது மிக முக்கியமான இடமாகப் படுகிறது. விடை கண்டுபிடிப்பதும் கற்றுக்கொள்வதும் வேறு வேறு. "இங்கிருந்து அங்கே எப்படிப் போவது" என்று தடவிக்கொண்டிருக்கும்போது அந்தச் சின்ன இடம் முழுவதையும் அந்தத் தடவலே எடுத்துக்கொள்கிறது. நடந்ததில் என்ன ஒழுங்கு இருந்தது என்று பார்க்க இடம் மிச்சமில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு எப்படியோ எரர் போய், ப்ரோகிராம் ஓடி, காலையில் "நேத்து எப்படிப் பண்ணினோம்?" என்று தெரியாமல் விழிப்பது இதனால்தான். 1985-ல் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் அல்ஜீப்ராவில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். கணக்குகளைத் தாங்களே போட்டவர்களைவிட, படிப்படியாகச் செய்து காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், அதே வகைக் கணக்குகளைக் குறைந்த நேரத்தில், குறைந்த பிழையோடு போட்டார்கள்.

ப்ரோகிராமிங்கில் நிலைமை எப்படி என்று கேட்டால், 2001-ல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் நடந்த ஆய்வைச் சொல்ல வேண்டும். நாலு பல்கலைக்கழகங்கள், 216 மாணவர்கள், முதல் ப்ரோகிராமிங் பாடத்தை முடித்தவர்கள் அல்லது முடிக்கப்போகிறவர்கள். எழுதிக் காட்டச் சொன்னார்கள். 110-க்குச் சராசரி மதிப்பெண் 22.89. மாணவர்களுக்குச் சிக்கலைப் பிரித்து யோசிக்கத் தெரியவில்லை என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள். 2004-ல் ரேமண்ட் லிஸ்டர் குழுவினர் ஏழு நாடுகளில் வேறு மாதிரிச் சோதனை வைத்தார்கள். எழுத வேண்டாம், இந்தச் சின்ன ப்ரோகிராம் ஓடினால் என்ன வரும் என்று மட்டும் சொல்லுங்கள். அதிலேயே நிறையப் பேர் தடுக்கி விழுந்தார்கள். வாசிக்கவே வராதவர்களை நாம் கட்டுரை எழுதச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

*

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஏல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எலியட் சொலோவே பயன்படுத்திய மழைக் கணக்கு இந்தத் துறையில் பிரபலம். தினசரி மழை அளவுகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். 99999 என்று வந்தால் நிறுத்த வேண்டும். சராசரியைச் சொல்ல வேண்டும். கேட்க எளிது. பார்ப்பவர் வசதிக்காக ப்ரோகிராமைத் தமிழிலேயே தருகிறேன்.

(தொடங்கும் நிலை)
மொத்தம் = 0
எண்ணிக்கை = 0
மழை = வாசி()

(99999 வரும்வரை சேர்த்துக்கொண்டே போ)
மழை 99999 ஆக இல்லாத வரை:
    மொத்தம் = மொத்தம் + மழை
    எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
    மழை = வாசி()

(வகுக்க முடியுமா பார்த்து வகு)
எண்ணிக்கை 0-ஐ விடப் பெரியது என்றால்:
    காட்டு(மொத்தம் / எண்ணிக்கை)
இல்லையென்றால்:
    காட்டு("மழை விவரம் இல்லை")

வெற்றுத் திரையில் இதை எழுதச் சொன்னால் தொடக்கக்காரர் என்னென்னவற்றைப் பிடித்துவைக்க வேண்டும் பாருங்கள். மொத்தம் சுழியத்தில் தொடங்கணும், எண்ணிக்கை தனி, 99999 மொத்தத்தில் கலந்துவிடக்கூடாது, வாசி() ஏன் ரெண்டு இடத்தில் வருது, ஒரு மழைகூட வரவில்லை என்றால் சுழியத்தால் வகுக்கணுமே, இதற்கு நடுவில் கோலன், உள்தள்ளல், அடைப்புக்குறி. நாலைத் தாண்டி எங்கோ போய்விட்டது. தேர்ந்தவருக்கோ இதில் மூன்று நாலு பழகிய துண்டுகள்தான் தெரியும்.

இதையே வாசிக்கக் கொடுத்தால் வேலை மாறிவிடுகிறது. நான் அண்ணனுக்குச் செய்தது இதுதான். தாளில் மூன்று பத்தி: மொத்தம், எண்ணிக்கை, மழை. உள்ளே வரும் எண்கள் 12, 0, 9, 99999. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, மாறும்போதெல்லாம் பழையதை அடித்துப் புதியதை எழுதணும். நம் ஊர்க் கணினி வாத்தியார்கள் ட்ரை ரன் என்று சொல்லித்தருவது இதைத்தான்; அது பரீட்சைக்கு மட்டும் என்று ஆகிப்போனது ஒரு துரதிர்ஷ்டம். முடிவில் மொத்தம் 21, எண்ணிக்கை 3, விடை 7. அதன் பிறகுதான் கணினியில் ஓட்டணும். தாளில் வந்ததும் திரையில் வந்ததும் வேறானால் அங்கேதான் பாடம் இருக்கிறது.

அடுத்து, கேள்விகள். உள்ளே இருக்கும் கடைசி வாசி() வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? (முதல் மழையே மாறாமல் நிற்கும், சுற்று முடியவே முடியாது.) அதை மொத்தம் கூட்டும் வரிக்கு மேலே நகர்த்தினால்? (முதல் நாள் மழை காணாமல் போகும், 99999 கணக்கில் சேர்ந்துவிடும்.) இந்த இடம் ஏன் எல்லாருக்கும் இடிக்கிறது என்பதற்கும் சொலோவே குழுவினர் 1983-ல் ஒரு காரணம் சொன்னார்கள். நாம் இயல்பாக "ஒன்றை எடு, அதை வைத்து வேலை செய், அடுத்ததை எடு" என்று யோசிக்கிறோம். இந்த வகைச் சுற்றோ "வேலை செய், அப்புறம் அடுத்ததை எடுத்துவை" என்று நம்மைத் திருப்பிப் போட வைக்கிறது. நடுவிலேயே வெளியேற இடம்கொடுக்கும் சுற்றைக் கொடுத்தபோது மாணவர்கள் மேலாகச் செய்தார்கள். அதாவது பழி மாணவர் தலையில் மட்டும் விழ வேண்டியதில்லை, மொழியை வடிவமைத்தவர் தலையிலும் கொஞ்சம் விழலாம்.

அடைப்புக்குறிக்குள் நான் போட்டிருக்கும் அந்த மூன்று சின்னத் தலைப்புகளும் அலங்காரம் இல்லை. லாரன் மார்குலியூ, மார்க் குஸ்டியல், ரிச்சர்ட் கட்ரம்போன் மூவரும் 2012-ல், ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் நோக்கத்தைத் தலைப்பாகப் போட்டுச் செய்துகாட்டினால், தலைப்பில்லாமல் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று கண்டார்கள். ஒரு வாரம் கழித்தும் அந்த வித்தியாசம் இருந்தது. துண்டுகளைத் தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல், "இது ஒரு துண்டு" என்று கோடு போட்டுக் காட்டிவிடுகிறோம்.

வாசித்தல் என்றால் கண்ணை ஓட்டுவது இல்லை. செய்துகாட்டிய உதாரணங்களைப் படிக்கும் மாணவர்களை மிக்கி சி குழுவினர் 1989-ல் இயற்பியலில் கவனித்தபோது, நன்றாகக் கற்றவர்கள் வரிக்கு வரி "இது ஏன்?" என்று தமக்குத் தாமே விளக்கிக்கொண்டே போனார்கள். மற்றவர்கள் "ம், புரியுது" என்று கடந்தார்கள். இப்போது ஏஐ-யிடம் கேட்டால் எந்த ப்ரோகிராமும் நொடியில் வந்து விழுகிறது. செய்துகாட்டிய உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் காப்பி செய்து ஓட்டிவிட்டு நகர்ந்தால் அது இரண்டாவது வகை மாணவரின் "ம், புரியுது"தான். என்ன வரும் என்று கணித்துவிட்டு ஓட்டு, அப்புறம் ஒரு வரியை மாற்றி மறுபடியும் கணி. அப்படிப் பயன்படுத்தினால் அதைப்போல ஒரு பயிற்சிப் புத்தகம் கிடையாது.

வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு படி தேவை. நியூசிலாந்து ஒட்டாகோ பாலிடெக்னிக்கில் டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன் இருவரும் 2006-ல் ஒரு புதிர் வகையைக் கொண்டுவந்தார்கள். ப்ரோகிராமின் எல்லா வரியும் கொடுக்கப்பட்டிருக்கும், வரிசை மட்டும் கலைந்திருக்கும். அடுக்க வேண்டியதுதான் வேலை. 2017-ல் பார்பரா எரிக்சன் குழுவினர் ஒப்பிட்டபோது, அடுக்கியவர்கள் எழுதியவர்களைவிடவும் பிழை திருத்தியவர்களைவிடவும் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். கற்றது ஏறத்தாழ அதே அளவு. கல்லூரியில் நேரம் மிச்சமானால் கேன்டீனுக்குப் போகலாம். குழந்தையைத் தூங்கவைத்த பிறகு உட்காரும் ஒருவருக்கு அந்த வித்தியாசம்தான் இன்றைக்குப் பாடம் முடிவதும் முடியாமல் போவதும். மழைக் கணக்கைப் பதினொரு துண்டுச் சீட்டாக வெட்டிக் கலைத்துப் போட்டாலே போதும், ஆப் எதுவும் வேண்டாம்.

நேரம் பற்றி இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்கார்ந்து "ஒரேயடியாக முடிச்சிடறேன்" என்பவர்களை நிறையப் பார்க்கலாம். அன்று மாலை எல்லாம் தெளிவாக இருக்கும், அதுதான் ஏமாற்று. ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ல் மாணவர்களுக்கு ஒரு உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நாலு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்த குழு 83 விழுக்காடு, எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்த குழு 40, எழுதிய குழு 61. ஆகவே புதன்கிழமை மழைக் கணக்கு என்றால், வெள்ளிக்கிழமை முதல் பத்து நிமிடம் வெற்றுத்தாளில் அதன் மூன்று தலைப்புகளும், முடிந்தால் வரிகளும். அடுத்த புதன் மறுபடியும். சலிப்பாக இருக்கும், வீடியோ பார்ப்பதுபோல் சுகமாக இருக்காது.

கல்வி உளவியல் என்றதும் சிலர் "நீங்க பார்த்துக் கற்கிற டைப்பா, கேட்டுக் கற்கிற டைப்பா" என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வகை பிரித்துச் சொல்லித்தந்தால் பயன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று பாஷ்லர் குழுவினர் 2008-லேயே எழுதிவிட்டார்கள். கடந்து போகலாம்.

எதுவரை வாசித்துக்கொண்டே இருப்பது? ஸ்லாவா கல்யுகா, ஸ்வெல்லர் முதலானோர் 2003-ல் இதற்கு ஒரு எல்லை சொன்னார்கள். தொடக்கத்தில் உதவிய அதே விளக்கங்கள், தேறிய பிறகு இடைஞ்சலாகிவிடுகின்றன. ஏற்கெனவே தெரிந்ததை மறுபடியும் படிக்க வைப்பதே ஒரு சுமை. அண்ணன் விஷயத்தில் அந்த நாளை அவரே சொன்னார். "தம்பி, இத விடு, நான் எழுதறேன்." அன்றைக்கு நான் பேசாமல் இருந்தேன். பையர் வாரியாக வரும் பத்துப் பதினைந்து எக்ஸெல் ஃபைல்களை ஒன்றாக்கி பாக்கித் தொகையைக் கூட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். ப்ராஜெக்ட் செய் என்ற அறிவுரை அந்த நேரத்தில்தான் பொருத்தம். பாக்கி என்றால் என்ன, எந்த வரி இரட்டிப்பாக வரும், எந்தப் பையர் பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு உறக்கத்திலும் தெரியும். அந்தப் பாதிச் சுமை அவருக்கு இல்லை. 20 வயதுப் பையனுக்கு இல்லாத வசதி இது.

மொழியையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் தாய்மொழி இல்லாமல் ப்ரோகிராமிங் கற்பவர்களை வைத்து பிலிப் குவோ 2018-ல் ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டார். 86 நாடுகள், 840 பேர். பாடத்தை வாசிப்பது, கேட்பது, பேசுவது, கோட் வாசிப்பது எல்லாவற்றிலும் ஆங்கிலம் குறுக்கே நிற்பதாகச் சொன்னார்கள். புதுக் கருத்தையும் புரியாத சொல்லையும் ஒரே சமயத்தில் சுமப்பது, முன்னே சொன்ன அந்தச் சின்ன இடத்தின் மேல் இரட்டை வரி. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் போன்ற தமிழ் நிரலாக்க மொழிகள் இதற்கு ஒரு பதில். வேலைக்காகக் கற்கிறவர் கடைசியில் பைதானுக்குத்தான் வர வேண்டும் என்பதால், கோட் ஆங்கிலத்தில் இருக்கட்டும், தனக்குத் தானே சொல்லும் விளக்கம் தமிழில் இருக்கட்டும் என்பது என் யோசனை. அண்ணன் பேரேடு மாதிரி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். இடப்பக்கம் திரையில் வந்த எரர், வலப்பக்கம் அவர் தமிழ். இதுவரை உள்ளதில் சில:

நேம் எரர்: இந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல.
டைப் எரர்: பேரையும் ரூபாயையும் கூட்டப் பார்க்கிற.
இன்டென்டேஷன் எரர்: வரி தள்ளி நிக்குது, இல்ல ஒட்டி நிக்குது.
கீ எரர்: அந்தப் பையர் லெட்ஜர்ல இல்ல. ஸ்பெல்லிங்கைப் பாரு.
ஜீரோ டிவிஷன் எரர்: மழையே பெய்யல.